மிதிவண்டிக்கு உயிர் தந்த கொல்லன் மகன்

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

படித்துப் பட்டம் பெற்றால்தான் வாழ்வு என்று கூறுவோர் ஒரு சாரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கைத்தொழில் ஒன்றே போதும் என்று வாதிடுவோர் மற்றொரு சாரார். கல்லூரி மரத்தடியிலும், ஊர்த் தேநீர்க் கடையிலும் இந்த வழக்கு நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தீர்ப்புத்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.

இவ்விரு சாராரும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது ஜப்பான் நாட்டுக் கொல்லர் ஒருவரின் மகனுடைய வாழ்க்கை. மிதிவண்டியில் ஒரு சிறு எஞ்சினைப் பூட்டியவர். அதிலிருந்து உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை எழுப்பியவர். அவர்தாம் சொய்ச்சிரோ ஹோண்டா.

ஹோண்டா என்றவுடன் நம் கண்முன் நிற்பது ஒரு வண்டி. அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொத்து வேலைக்குச் செல்லும் என் தந்தையின் பழைய வண்டியில் ஹீரோ ஹோண்டா என்று எழுதியிருக்கும். ஹீரோ என்றால் எனக்குப் பொருள் தெரியும்; ஹோண்டா என்றால் என்ன என்று தேடப் போய்த்தான் இந்த மனிதரைக் கண்டுகொண்டேன்.

கொல்லன் பட்டறையும் பெடல் ரப்பரும்

1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஷிசுவோக்கா மாநிலத்தில் கோம்யோ என்னும் சிற்றூரில் சொய்ச்சிரோ பிறந்தார். தந்தை கிஹெய், ஊர்க் கொல்லர். தாய் மிக்கா, நெசவு அறிந்தவர். துருத்தியின் மூச்சும் சம்மட்டியின் ஓசையுமே அந்தக் குழந்தைக்குத் தாலாட்டு. பின்னர்க் கிஹெய் மிதிவண்டிகளைப் பழுதுபார்க்கவும் தொடங்கினார். ஆகவே, இரும்பு முதலில், மிதிவண்டி அடுத்து என்ற வரிசையில் அந்தப் பையனின் கல்வி தொடங்கிற்று. ஊருக்குள் முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்தபோது, அதன் பின்னாலேயே ஓடி, அது மண்ணில் சிந்திய எண்ணெயை முகர்ந்து பார்த்தான் அந்தச் சிறுவன். பிற்காலத்தில் அவரே பலமுறை விரும்பி நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

பள்ளிக்கூடத்தில் அவர் சிறந்த மாணவர் அல்லர். ஜப்பானில் கையொப்பத்துக்குப் பதிலாக முத்திரை பதிப்பது வழக்கம். மதிப்பெண் அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுசென்று, குடும்ப முத்திரை பதித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். மதிப்பெண்களோ தந்தையிடம் காட்டும்படியாக இல்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? தேய்ந்துபோன மிதிவண்டிப் பெடலின் ரப்பரை எடுத்து, அதில் குடும்ப முத்திரையைத் தானே செதுக்கிக்கொண்டான்! முத்திரை நன்றாகவே பதிந்தது. உடனே தோழர்களும் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்கள். அவர்களுக்கும் செதுக்கிக் கொடுத்தான். அங்கேதான் அகப்பட்டுக்கொண்டான்.

காரணம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முத்திரையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் அது நேராக விழும். ஹோண்டா என்பதை எழுதும் இரண்டு ஜப்பானிய எழுத்துகளும் இடமும் வலமும் ஒத்தவை. எப்படிச் செதுக்கினாலும் ஒன்றுதான். தோழர்களின் பெயர்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை தலைகீழ்க் குட்டாக, கண்ணாடியில் தெரிவதுபோல் பதிந்து உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டன. கைத்திறன் இருந்தும், அதன் அடியில் உள்ள விதி தெரியாததால் வந்த தோல்வி இது. இதே பாடத்தை வாழ்க்கை அவருக்கு இன்னொரு முறை, மிகுந்த விலை வாங்கிக்கொண்டு கற்பித்தது. அதை அடுத்துக் காண்போம்.

ஐம்பதில் மூன்று

1922ஆம் ஆண்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும், 15 வயதில் டோக்கியோ நகரம் சென்று ஆர்ட் ஷோகாய் என்னும் மோட்டார் பழுதுபார்க்கும் நிலையத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். எஞ்சினைத் தொடலாம் என்ற கனவோடு போனவருக்கு முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைச் சுமப்பதும் தரையைத் துடைப்பதும்தான். பொறுத்திருந்தார். மெல்ல மெல்லக் கருவிகள் அவர் கைக்கு வந்தன. 1924இல் அந்நிலையத்தார் உருவாக்கிய பந்தயக் கார் வெற்றி பெற்றபோது, அதில் உடன் அமர்ந்து சென்ற மெக்கானிக் நம் சொய்ச்சிரோதான். அப்போது அவருக்கு வயது 18. 1928இல், 21 வயது நிரம்பிய அவரிடம் ஹமாமட்சு நகரத்தில் கிளை ஒன்றைத் தொடங்கும் பொறுப்பை முதலாளி ஒப்படைத்தார்.

கிளை செழித்தது. ஆயினும், பிறர் செய்த பொருளைப் பழுதுபார்த்துக் கொடுப்பதோடு அவர் மனம் அமைதி அடையவில்லை. தாமே ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எண்ணி, பிஸ்டன் வளையம் செய்யப் புகுந்தார். பிஸ்டன் வளையம் என்பது பார்வைக்கு ஒரு சிறு இரும்பு வளையல். ஆனால் எரியும் வாயு கசியாமல் காப்பதும், எண்ணெயை வழித்துவிடுவதும், பிஸ்டனின் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதும் அதன் வேலை. அளவில் மயிரிழை பிசகினாலும், இரும்பில் கலவை பிசகினாலும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

இரவு பகலாக உழைத்தார். சேமிப்பெல்லாம் கரைந்தது. வளையங்கள் வந்தன, ஆனால் அவை கல்லைப்போல் கடினமாகவோ, தொட்டால் ஒடிவனவாகவோ இருந்தன. ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளியின் பேராசிரியர் ஒருவரிடம் ஒரு வளையத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் ஆய்ந்து பார்த்துவிட்டு, இரும்பில் சிலிக்கான் போதாது என்று கூறினார். சிலிக்கான் என்றொரு பொருள் இரும்பில் இருக்க வேண்டும் என்பதே அதுவரை நம் கொல்லன் மகனுக்குத் தெரியாது! 15 ஆண்டுகள் எஞ்சினோடு பழகிய கைகளுக்கு எட்டாத செய்தி அது.

1937ஆம் ஆண்டு, தம் 30ஆம் வயதில், ஒரு நிலையத்தின் முதலாளியாக இருந்துகொண்டே, அதே பள்ளியில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்து உலோகவியல் பாடம் கேட்டார். தம்மைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்தார். இப்படிப் படித்துக்கொண்டும் செய்துகொண்டும் ஏறத்தாழ 30,000 வளையங்கள் உருவாயின. அவற்றிலிருந்து 50 வளையங்களைத் தேர்ந்தெடுத்து டொயோட்டா நிறுவனத்தின் சோதனைக்குக் கொடுத்தார். தேறியவை எத்தனை? மூன்றே மூன்று!

அவர் மனம் ஒடியவில்லை. மேலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உருக்காலைகளையும் பல்கலைக்கழகங்களையும் தேடிச் சென்று கற்றார். இறுதியில் அதே டொயோட்டா அவருடைய வளையங்களை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே தமக்குத் தேவையான வகுப்புகளுக்கு மட்டும் சென்றார், தேர்வுகளை எழுதவில்லை. தேர்வு எழுதாதவருக்குப் பட்டயம் கிடையாது என்று பள்ளி அறிவித்தது. அதற்காக அவர் வருந்தவில்லை. வேண்டியது வளையம்; அது வந்துவிட்டது.

போர்க் காலத்தில் அவருடைய டோக்காய் செய்க்கி தொழிற்சாலை நாட்டின் படைக்கலத் தொழிலோடு பிணைக்கப்பட்டது. ஹமாமட்சு ஆலை வான் தாக்குதலுக்கு இரையாயிற்று. 1945 ஜனவரியில் ஏற்பட்ட மிக்காவா நிலநடுக்கம் இவாட்டா ஆலையைத் தரைமட்டம் ஆக்கிற்று. போர் முடிந்ததும் தம் பங்கை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, ஓராண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தார். மது அருந்துவதும், நண்பர்களோடு பேசுவதும், மூங்கில் குழல் வாசிப்பதுமாக அந்த ஆண்டு கழிந்தது. அவரை அறிந்தவர்கள் இவர் காலம் முடிந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள்.

வானொலி எஞ்சினும் வெந்நீர்க் குப்பியும்

தோற்ற நாட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. உணவுப் பங்கீடு போதவில்லை. அரிசிக்கும் கிழங்குக்கும் மக்கள் கிராமம் கிராமமாக அலைந்தார்கள். இரயில்களில் கால் வைக்க இடமில்லை. எரிபொருள் கட்டுப்பாட்டில் இருந்தது. மிஞ்சியது மிதிவண்டி ஒன்றுதான். சொய்ச்சிரோவின் துணைவியார் சாச்சி அம்மையாரும் உணவுப் பொருள் வாங்க நெடுந்தொலைவு மிதித்துச் சென்று வந்தார்.

1946ஆம் ஆண்டு ஹமாமட்சுவில் ஒரு சிறு கொட்டகையில் ஹோண்டா தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்ற பெயர்ப்பலகை ஏறியது. பெயர் பெரியது, இருந்தவையோ சில பழைய இயந்திரங்கள். அந்த நாட்களில், தமக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அவர் ஒரு சிறு எஞ்சினைக் கண்டார். படையினரின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது அது. போர் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தோன்றிற்று: இதை மிதிவண்டியில் பூட்டினால் என்ன?

கேள்வி எளியது. பூட்டுவது எளிதன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி சற்றேறக்குறைய 2 மீட்டர் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சக்கரம் நிமிடத்திற்கு 160 முறை சுற்றினால் போதும். எஞ்சினோ நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். இந்த 3,000-ஐ 160 ஆகக் குறைக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 19-இல் ஒரு பங்காக்க வேண்டும். குறைக்காமல் நேரே பூட்டினால் அச்சிறு எஞ்சின் சக்கரத்தை அசைக்கக்கூட முடியாமல் நின்றுவிடும். வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டுவதே இதன் உயிர்நாடி.

மிக எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் தண்டில் மூன்றரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளையை மாட்டி, அதை 66 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் டயர்மீது அழுத்தினால் போதும். ஒரே படியில் அந்த 19 மடங்கு கிடைத்துவிடும்! ஹோண்டாவும் முதலில் இவ்வகையிலேயே முன்சக்கரத்தின்மேல் எஞ்சினை வைத்து, உருளை உராய்வால் ஓட்டிப் பார்த்தார். ஆனால் அன்றைய ஜப்பானில் கிடைத்த டயரின் தரம் மிகத் தாழ்ந்தது. உருளை அதைத் தேய்த்துத் தின்றுவிட்டது. தாளில் சரியாக இருந்த கணக்கு ரப்பரில் பொய்த்தது. ஆகவே அவர் அம்முறையைக் கைவிட்டு, பெல்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் முறைக்கு மாறினார்.

எரிபொருள் தொட்டிக்கு எங்கே போவது? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க ஜப்பானியர் வெந்நீர் நிரப்பி வைத்துக்கொள்ளும் குப்பி ஒன்று வீட்டில் இருந்தது. முதல் சோதனை வண்டிக்கு அதுவே பெட்ரோல் தொட்டி ஆயிற்று! பெட்ரோல் அரிதாகையால், பைன் மரத்திலிருந்து எடுக்கும் தர்ப்பைன் எண்ணெய் அதில் கலக்கப்பட்டது. வண்டி போன தெருவெல்லாம் அந்த வாடை வீசுமாம்.

ஓட்டிப் பார்த்தவர் யார்? சாச்சி அம்மையார்தாம். பெண் ஒருவர் எளிதாக ஓட்டுகிறார் என்றால் ஊர் திரும்பிப் பார்க்கும் என்பது கணவரின் எண்ணம். அம்மையாரோ ஓட்டி வந்ததும் தம் உடையில் தெறித்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார். இப்படி உடை பாழானால் வாங்குபவர்கள் ஏசமாட்டார்களா என்று கேட்டார். கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் பின்னோக்கித் தெறித்ததே காரணம். விற்பனைக்குப் போகும்முன் அக்குறை சீர்செய்யப்பட்டது. ஓர் இல்லத்தரசி ஆய்வாளராகி, எஞ்சினைத் திருத்திய பெருமை இது.

இத்தகைய எஞ்சின்கள் ஏறத்தாழ 500 அவருக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, செப்பனிட்டு, மிதிவண்டிக்கு ஏற்றவாறு மாற்றி விற்றார். அது எழுப்பும் ஒலியை வைத்து மக்கள் அதற்குப் பட்டாப்பட்டா என்று பெயரிட்டனர். நகோயா, ஒசாகா போன்ற நகரங்களிலிருந்தும் வணிகர்கள் தேடி வந்து வாங்கிச் சென்றார்கள். போர்க்களத்துக்குக் கட்டளை அனுப்பப் பிறந்த எஞ்சின், அரிசி மூட்டை சுமக்கும் எளியவரின் முழங்கால் வலியைத் தீர்த்தது. இதைவிட நல்ல சமாதான உடன்படிக்கை எது?

சாக்கட்டியும் வரைபடமும்

500 எஞ்சின்களும் தீர்ந்தன. இனித் தாமே எஞ்சின் செய்தாக வேண்டும். 1947ஆம் ஆண்டு, கியோஷி கவாஷிமா என்னும் இளைஞர் வேலைக்கு வந்து சேர்ந்தார். எந்தத் தொழில்நுட்பப் பள்ளியில் ஹோண்டா பட்டயம் இல்லாமல் வெளியேறினாரோ, அதே பள்ளியில் முறையாகப் படித்துத் தேறியவர் இவர். தம் எண்ணத்தைக் கொட்டகைத் தரையில் சாக்கட்டியால் கிறுக்கிக் காட்டுவார் முதலாளி. அதை அளவோடு கூடிய வரைபடம் ஆக்குவார் இளைஞர். கையும் ஏடும் ஒரே கொட்டகையில் சந்தித்துக்கொண்டன என்றால் மிகையாகாது.

அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்ததுதான் ஏ வகை எஞ்சின். 50 சி.சி. கொள்ளளவு, இரண்டு வீச்சு முறை. பெல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கவும் சேர்க்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. மணல் வார்ப்புக்குப் பதில் உலோக அச்சு வார்ப்பையே கையாள வேண்டும் என்று அந்தச் சின்னஞ்சிறு நிலையம் அப்போதே துணிந்தது. அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. ஆனால் சீவி எறியும் உலோகம் குறையும், ஒவ்வொரு பாகமும் ஒன்றுபோல் இருக்கும். ஐம்பதில் மூன்று தேறிய நாளை மறக்காதவரின் முடிவு அது.

1948 செப்டம்பர் 24ஆம் நாள், 10 இலட்சம் யென் மூலதனத்தில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. மிதிவண்டியின் மெல்லிய சட்டமும் வழுக்கும் பெல்ட்டும் பெரிய எஞ்சினைத் தாங்கமாட்டா என்று கண்டு, 1949இல் வலுவான எஃகுச் சட்டமும் செயினும் கொண்ட டிரீம் என்னும் 98 சி.சி. மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். அதே ஆண்டில் தக்கேயோ புஜிசாவா கூட்டாளியாக வந்து சேர்ந்தார். விற்பனையும் பணமும் புஜிசாவா பொறுப்பு. பொறியும் பட்டறையும் ஹோண்டா பொறுப்பு. தலைவருக்குரிய முத்திரையைக்கூட ஹோண்டா புஜிசாவாவிடமே விட்டுவிட்டார். தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரை முழுமையாக நம்புவதும் ஓர் அறிவுதான்.

மிதிவண்டியை அவர்கள் மறந்துவிடவில்லை. 1952இல் கப் எஃப் வகை வந்தது. வெள்ளைத் தொட்டி, சிவப்பு எஞ்சின், சுமார் 6 கிலோ எடை. யாரிடம் எந்த மிதிவண்டி இருந்தாலும் அதன் பின்சக்கரத்தின் பக்கத்தில் பூட்டிக்கொள்ளலாம். விற்க ஆள் வேண்டுமே? புஜிசாவா நாடெங்கும் இருந்த 50,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிக் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். முன்னொரு காலத்தில் உங்கள் முன்னோர் அந்நிய நாட்டு மிதிவண்டியைத் துணிந்து விற்றார்கள். இன்று மக்கள் எஞ்சின் பூட்டிய மிதிவண்டியை விரும்புகிறார்கள். நீங்களும் துணியுங்கள் என்பது அதன் சாரம். ஏறத்தாழ 30,000 கடைக்காரர்கள் மறுமொழி எழுதினார்கள்! பஞ்சர் ஒட்டும் கடைகளையே நிறுவனத்தின் கிளைகள் ஆக்கிய சாதுரியத்தை என்னவென்பது!

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றும் பழைய மிதிவண்டியில் சிறு எஞ்சினைப் பூட்டிப் பார்க்கும் ஆர்வம் நம் மாணவர்களிடையே உண்டு. வேகம் மூன்று மடங்கானால் இயக்க ஆற்றல் ஒன்பது மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கென்று அமைந்த பிரேக் கட்டை 45-இல் எப்படித் தாங்கும்? சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரங்களுக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினைப் பொருத்தினால் அதை மோட்டார் வாகனமாகக் கணக்கிடுவதில்லை; அதற்கு மேற்பட்டால் பதிவு முதலிய எல்லா விதிகளும் வந்து சேரும். டிரீம் வண்டிக்கு எஃகுச் சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதை நினைவிற்கொண்டால் போதும்.

உயர்வும் குறையும்

அதன்பின் நடந்தவை உலகறிந்த செய்திகள். 1958இல் சூப்பர் கப் வந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் அவ்வகை வண்டிகள் 10 கோடி உருவாகிவிட்டன. 1954இல் நிறுவனம் கடனில் தத்தளித்த வேளையிலேயே, ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று ஹோண்டா அறிவித்தார். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். 1959இல் அவர்கள் அங்கே சென்றபோது, குழுவை நடத்திச் சென்றவர் வரைபடம் வரைந்த அதே கவாஷிமா. 1961இல் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பந்தயங்களிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டா வண்டிகளுக்கே!

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. கடுஞ்சினம் கொண்டவர், வேலையில் பிழை கண்டால் கையில் இருக்கும் கருவியை எறிந்துவிடுவார். பிடிவாதமும் மிகுதி. காருக்கு நீர்க் குளிர்ப்பு வேண்டாம், காற்றுக் குளிர்ப்பே போதும் என்று நெடுநாள் வாதிட்டார். காற்றுக் குளிர்ப்பு முறையில் செய்யப்பட்ட பந்தயக் கார் 1968 ஜூலையில் பிரான்சு நாட்டில் விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் உயிரிழந்தார். அதன் பிறகும் அவர் உடனே மாறவில்லை. படித்த இளம் பொறியாளர்கள் நீர்க் குளிர்ப்பே சரியென்று வலியுறுத்தினார்கள். இறுதியில் புஜிசாவா தலையிட்டு, நீங்கள் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராகவா என்று கேட்க, ஹோண்டா இளைஞர்களுக்கு வழிவிட்டார். அந்த இளைஞர்கள்தாம் புகையின் நச்சைக் குறைக்கும் சி.வி.சி.சி. எஞ்சினை 1972இல் உலகுக்குக் காட்டினார்கள். சிலிக்கான் பற்றி ஒரு பேராசிரியர் கூறியதை 30 வயதில் ஏற்றவர், அறுபதைத் தாண்டிய பின்னும் ஏற்கக் கற்றார். சற்றுத் தாமதமாக, ஆனாலும் கற்றார்.

1973இல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகவே பதவி விலகினர். அடுத்த தலைவர் கவாஷிமா. மகனுக்கு மகுடம் சூட்டவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள். ஓய்வுபெற்றவர் வீட்டில் அமரவில்லை. நாடெங்குமுள்ள ஆலைகளுக்கும் விற்பனை நிலையங்களுக்கும் சென்று ஒவ்வொரு தொழிலாளியின் கையையும் பற்றி நன்றி கூறினார். ஒரு தொழிலாளி கை முழுவதும் எண்ணெயாக இருக்கிறதே என்று பின்வாங்கியபோது, அந்தக் கையையே விரும்பிப் பற்றிக்கொண்டார் என்பர்.

இந்தியாவுக்கும் அவர் பெயர் வந்தது. லூதியானாவில் மிதிவண்டி செய்து புகழ்பெற்ற ஹீரோ குழுமம் 1984இல் ஹோண்டாவோடு கைகோத்தது. 1985இல் சி.டி. 100 வெளிவந்தது. ஜப்பானில் மிதிவண்டிக் கடையிலிருந்து எழுந்த நிறுவனம், இந்தியாவிலும் மிதிவண்டிக்காரரோடுதான் சேர்ந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. அந்தக் கூட்டு 2011இல் முடிந்தாலும், ஹீரோ ஹோண்டா என்று எழுதிய வண்டிகள் என் தந்தையைப் போன்றோரை இன்னும் வேலைக்குச் சுமந்து செல்கின்றன. 1991 ஆகஸ்டு 5ஆம் நாள், 84ஆம் வயதில் ஹோண்டா மறைந்தார். நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்பது அவர் விருப்பம். வண்டி செய்தவன் போக்குவரத்துக்கு இடையூறு ஆகலாமா என்பதே அவர் காட்டிய காரணம்!

பட்டம் வேண்டுமா?

இனி, தொடக்கத்தில் கூறிய வழக்குக்கு வருவோம். ஹோண்டா பட்டயத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே நமக்கும் பட்டம் வேண்டாம் என்று இவ்வரலாற்றைக் காட்டி வாதிடுவோர் உண்டு. நான் அதற்கு உடன்படமாட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வை எழுதாமல் வெளியேறும் உரிமை சொந்தப் பட்டறை வைத்திருந்த ஹோண்டாவுக்கு இருந்தது. சித்தாள் வேலை செய்யும் ஒரு தாயின் மகனுக்கு அது கிடையாது. எனக்கு அந்தத் தாள் வேண்டும். அதை நம்பித்தான் என் தங்கையின் படிப்பும் இருக்கிறது. அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் வாழ்க்கை என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அவர் வகுப்புக்கு ஒடிந்த வளையத்தோடு வந்தார். விடை தேடி வந்தார். அதனால் ஆசிரியர் கூறிய ஒரு சொல் அவருக்கு ஓர் ஆலையாக வளர்ந்தது. நாம் எதோடு வருகிறோம்? ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து, தாளோடு மட்டும் திரும்பினால், நம் கையில் இருப்பதும் பெடல் ரப்பரில் செதுக்கிய முத்திரைதானே? பதிவு அழகாக இருக்கும். எழுத்து மட்டும் மாறி விழும்.

என் தந்தை தூக்குக் குண்டு பிடித்துச் சுவரின் நேரைப் பார்ப்பார். புவியீர்ப்பு என்ற சொல்லை அவர் படித்ததில்லை. அதை வைத்து ஊரில் பல வீடுகளைக் கட்டியிருக்கிறார். அச்சொல்லைப் படித்த நான் இன்னும் ஒரு சுவரும் எழுப்பவில்லை. ஹமாமட்சுக் கொட்டகையில் சாக்கட்டியும் வரைபடமும் சந்தித்ததுபோல, எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இவை இரண்டும் சந்திக்க வேண்டும். சந்திக்க வைப்பது படித்தவனின் கடமை. நம் ஆய்வுக்கூடங்கள் திறந்திருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தந்தையரின் பட்டறையிலிருந்தும், வயலிலிருந்தும், சாரத்திலிருந்தும் ஒடிந்துபோன ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருவோம். பட்டத்தோடு விடையையும் பெற்றுச் செல்வோம்!